மாறிலி

லோசானில் பிப்ரவரி.
பீஸ் என்னும் வாடைக்காற்று ஏரியைக் கீறிக்கொண்டு வந்து
கரையோரப் பெஞ்சுகளுக்குப் பனிக்கட்டித் தோல் போர்த்துகிறது.
நான் மூன்றாம் மாடியில்
கோடி டிகிரியை எண்களாகக் கொதிக்கவிட்டு
விரல் விறைக்க உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு மில்லி நொடி.
கண்ணிமைப்பில் நூற்றில் ஒன்று.
அதைக் கணினியில் நடத்திப் பார்க்க ஐந்து வாரம்.
மலைக்கு அந்தப்பக்கம் ஒரு கூடத்தில்
ஆயிரம் செயலிகள் ஏரித் தண்ணீர் குடித்துக்கொண்டு
கூட்டிப் பெருக்குகின்றன, பெருக்கிக் கூட்டுகின்றன,
ஆளில்லாத வீட்டை யாரோ துப்புரவு செய்வதுபோல.

பிளாஸ்மா அடங்காது.
காந்தக் கோடுகளைக் கம்பிவேலியாகச் சுற்றிச் சுற்றிக் கட்டினாலும்
விளிம்பில் நுரைக்கும், சுழிக்கும்,
கொத்தாகப் பிய்ந்துபோய்ச் சுவரில் மோதும்.
இதெல்லாம் என் சமன்பாட்டில் இருந்தது.
மோதியபின் என்ன ஆயிற்று என்று
நான் கேட்கவில்லை.

அது மின்னூட்டம் தொலைத்து
வெறும் அணுவாகத் திரும்பி வரும்.
காந்தம் கூப்பிட்டால் காது கேட்காத அணு,
வேலி தாண்டிய வெள்ளாடு.
என் நிரலில் அதற்கு ஒரே வரி தந்திருந்தேன்:
நடுநிலை வாயு, அடர்த்தி இவ்வளவு, மாறிலி.
நான்காண்டுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை
ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் எழுதியது.
பக்கத்தில் ஒரு குறிப்பு: பிறகு பார்க்கலாம்.

அன்செல்ம் இம்போடன் வந்தார்.
வலே பள்ளத்தாக்குக்காரர்.
வழுக்குப் பாறையில் கால்வைப்பதுபோல் பிரெஞ்சு பேசுபவர்.
அளந்து எடுத்த வளைகோட்டை என் வளைகோட்டின்மேல் வைத்தார்.
நடுவில் ஒரு விரல் நுழைந்தது.
"மதாம் ஷெர்புவான், என் கருவியும் பொய் சொல்லும்.
இவ்வளவு சொல்லாது."

பிறகு வேகக் கேமராவின் படத்தை ஓடவிட்டார்.
ரோஜா நிறத்தில் ஒரு விளிம்பு நடுங்கி எரிந்தது.
நடுவே இருட்டு.
"கோடி டிகிரி எங்கே?" தெரிந்துதான் கேட்டேன்.
"அந்த இருட்டு.
அவ்வளவு சூடானது கண்ணுக்கு எதையும் காட்டாது.
இந்த ரோஜா இருக்கிறதே, இது உங்கள் மாறிலி.
சுவரிலிருந்து வரும் அணு அடிபடுகிற வெளிச்சம்."

கண்ணில் படுவதே அது ஒன்றுதான்.

இந்த நாட்டில் நடுநிலை என்ற சொல்லைப்
பாலோடு ஊட்டிவிடுகிறார்கள்.
எந்தப் பக்கமும் சேராதது எதையும் அசைக்காது என்று
நானும் எங்கோ நம்பியிருக்கிறேன்.

வரியை அழித்தேன்.
இனி வலையின் ஒவ்வொரு கண்ணும்
மற்ற எல்லாக் கண்ணையும் விசாரிக்கவேண்டும்:
என்னிடமிருந்து கிளம்பியதில் உன்னிடம் எத்தனை சேர்ந்தது?
நினைவகம் பிதுங்கியது.
முதல் ஓட்டம் பதினோராம் மணியில் செத்தது;
அடர்த்தி சுழிக்குக் கீழே போயிருந்தது,
ஒரு சுழிக்குள்ளேயே.
இல்லாததைவிடக் குறைவாக இருக்க முடியுமா?
முடியும் என்றது கணினி, முகம் மாறாமல்.
இரண்டாவதில் ஒரு கூட்டல் குறி கழித்தலாக இருந்தது.
சுவர் வாயுவைக் குடித்துக்கொண்டே இருந்தது,
ஓர் ஏப்பம்கூட விடாமல்.

ஏப்ரலில்,
லாவோ சரிவில் திராட்சைக்கொடிகள் மொட்டுவிட்ட வாரத்தில்,
திரையில் சுவர் மூச்சுவிட்டது.
நுரை எறிந்ததெல்லாம் குளிர்ந்து, திரும்பி,
வேலி வழியே ஊடுருவி உள்ளே போய்
எலக்ட்ரானைப் பறிகொடுத்து
மறுபடி காந்தத்தில் மாட்டிக்கொண்டது.
சுழிகள் அகலம் மாறின.
நான் மறந்தே போயிருந்த காப்பி ஆடைகட்டி ஆறியிருந்தது.

இம்போடன் இரண்டு தாளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார்.
வெயில் ஊடே வந்தது.
மேல்பாதி ஒன்றின்மேல் ஒன்று படிந்தது.
கீழே, கோடு சுவரைத் தொடும் இடத்தில், இன்னும் சந்து.
காதிலிருந்து பென்சிலை எடுத்து நுழைத்துப் பார்த்தார்.
"விரல் பென்சிலாயிற்று," என்றார்.
சிரிக்கவில்லை.
பென்சிலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நிரலைத் திறந்து
'மாறிலி' என்ற சொல்லைத் தேடினேன்.
இன்னும் பதினேழு இடங்கள்.